ரிவர்ஸ் அண்ணையும் குதிரைப் பெட்டியும்

அவரை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது அவருடைய பிடரிதான். ஒரு சிறிய சாம்பல் நிறக் கார், கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியிலிருந்து எங்கள் ஒழுங்கைக்குள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. வெள்ளவத்தையில் கால்வாய்ப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை எங்களுடையது. நீளம் நூற்றுப்பத்து மீற்றர். முடிவில் மதில். மதிலுக்கு அப்பால் கால்வாய். உள்ளே வந்த வாகனம் எதுவும் வந்த வழியேதான் திரும்ப வேண்டும். பெரும்பாலானோர் முகத்தால் வந்து, மதிலடியில் ஐந்தாறு தரம் முன்னும் பின்னும் இழுத்துத் திருப்பி, யாருடைய கேற்றையாவது இடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுப் போவார்கள். அவர் முழுத் தூரத்தையும் பின்பக்கமாகவே வந்தார். கழுத்தைத் திருப்பவில்லை. இரண்டு பக்கக் கண்ணாடிகளை மட்டும் மாறி மாறிப் பார்த்தார். கடைசி வீட்டு வாசலில், மதிலுக்கு ஒரு முழம் விட்டு நிறுத்தினார்.

அன்று அவர் குடிவந்தார். அந்த வீட்டின் மேல்மாடியில் மகளும் மருமகனும் இருந்தார்கள், கீழ்த்தளம் அவருக்கு. கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் கொள்கலன் இழுக்கும் பெரிய லொறிகளை முப்பத்துநான்கு வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய்வருவார். ஒரு மாதத்துக்குள் ஒழுங்கை அவருக்கு 'ரிவர்ஸ் அண்ணை' என்று பெயர் வைத்துவிட்டது. சொந்தப் பெயரை அதன் பிறகு யாரும் பாவிக்கவில்லை. இப்போது அவர் மெல்பேர்னில் மகனோடு இருக்கிறார். அங்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.

பழக்கம் காரோடு முடியவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றிய பிறகு குனிந்து, நுனி வீதியைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார். கலியாண மண்டபத்தில் ஓரக் கதிரை. சாப்பாட்டுக் கடையில் வாசலைப் பார்த்த கதிரை. எந்தப் பொருளைக் காட்டினாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்:

"சரி, வெளிய எடுக்கிறது எப்பிடி?"

எதிர் மாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் ஒரு கணக்காளர் இருந்தார். தேக்குக் கட்டில் ஒன்று வாங்கினார். படிக்கட்டு வளைவில் அது போகவில்லை. கயிறு கட்டி, பல்கனி வழியாக ஏற்றினார்கள். ஒழுங்கை முழுவதும் அண்ணாந்து பார்த்தது. கட்டில் உள்ளே போனதும் எல்லோரும் கைதட்டினார்கள். ரிவர்ஸ் அண்ணை மட்டும் தன் கேள்வியைக் கேட்டார்.

"ஏன் அண்ணை வெளியில எடுக்கோணும்? நாங்கள் இஞ்ச இருக்கப்போறம் தானே" என்றார் கணக்காளர்.

அடுத்த மாதம் பல்கனிக்குக் கம்பி வலை அடித்தார்கள். இரண்டு வருடத்தில் அந்தக் குடும்பம் ரொறன்ரோவுக்குப் போனது. கட்டில் இன்னும் அங்கேதான். அந்த வீட்டை வாடகைக்கு விடும் ஒவ்வொரு முறையும் விளம்பரத்தில் 'கட்டிலுடன்' என்று போடுகிறார்கள். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் துணை ஆசிரியர். அந்த விளம்பரத்தை மூன்று முறை நானே திருத்தி அனுப்பியிருக்கிறேன்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணத்தை நான் மனதில் எழுதி வைத்திருந்தேன். வெள்ளவத்தையில் என் வயதுக்கு மேற்பட்டவர்களில் வாகனத்தை முகம் வெளியே பார்க்க நிறுத்துகிறவர்கள் பலர். ஏன் என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை. ஒரு பின்னேரம், மதிலடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது, அவரிடம் கேட்டேன்.

"எண்பத்துமூண்டு கலவரத்துக்குப் பிறகு வந்த பழக்கமோ அண்ணை?"

"அட, அதெல்லாம் இல்ல தம்பி. உங்க பேப்பர்காரங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பெரிய காரணம் வேணும்." சிரித்தார். "ஹார்பர்ல லொறிய முகத்தால கொண்டுபோய் நிப்பாட்டினா, சாமான் ஏத்தி முடியிற நேரம் பின்னால நாலு லொறி நிக்கும். சிக்கிருவோம். வீட்டுக்குப் போக நாலு மணி. சோறு ஆறிடும். பின்னால போனா, ஏத்தினதும் ஸ்டார்ட் பண்ணிப் போய்ட்டே இருக்கலாம்."

"சோத்துக்காகவோ?"

"சோத்துக்காகத்தான். என்ட பொஞ்சாதி ஆக்கினத நீங்க சாப்பிட்டதில்லை."

நான் மனதில் எழுதியதை அடித்துவிட்டேன். அவர் மதிலுக்கு மேலால் கால்வாயைப் பார்த்தார். பிறகு, "எண்பத்துமூணுலயும் உதவிச்சுதான்" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

என் அக்காவிடம் ஒரு குதிரை இருந்தது. இந்த வசனத்தை வெள்ளவத்தையில் யாரிடம் சொன்னாலும் இன்னொரு முறை சொல்லச் சொல்வார்கள். அக்கா வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மணமாகாதவர், என்னோடு ஒரே வீட்டில் இருந்தார். நாற்பத்தாறாவது வயதில் வைத்தியர் தினமும் நடக்கச் சொன்னார். அக்கா குதிரை ஓட்டப் போனார். பயிற்சிக்கூடம் ஒன்று தன் வயதான குதிரைகளை விற்றபோது ஒரு பெண் குதிரையை வாங்கினார். பிஸ்கட் நிறம், பெயரும் பிஸ்கட்தான். எங்கள் உறவினர்கள் இரண்டு வருடம் இதைப் பற்றி மட்டுமே கதைத்தார்கள். பிறகு களைத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

பிஸ்கட்டுக்குப் பத்தொன்பது வயதானபோது சிக்கல் வந்தது. அது நின்ற லாயம் பத்தரமுல்லைக்கு அப்பால் ஒரு வளவில் இருந்தது. வளவுக்காரர் மாடி வீடுகள் கட்ட நிலத்தை விற்றுவிட்டார். ஒரு மாதத்துக்குள் குதிரைகளைக் கொண்டுபோகச் சொன்னார். கொழும்பில் வேறு இடம் கிடைக்கவில்லை. அக்காவின் தோழி ஒருவருக்கு நுவரெலியாவுக்குச் சற்றுக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவும், வேலி போட்ட புல்வெளியும் இருந்தன. தாராளமாகக் கொண்டுவரச் சொன்னார்.

கொண்டுபோவதுதான் பிரச்சினை. இங்கே குதிரைகளைத் திறந்த லொறியில் ஏற்றிப் பலகை வைத்து இறக்குவதுதான் வழமை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு லாயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியபோது, பிஸ்கட் லொறியிலிருந்து இறங்கும் நேரம் பின்னங்கால் பலகைக்கும் லொறிக்கும் இடையில் போய்விட்டது. காயம் ஆற நான்கு மாதம் எடுத்தது. "இன்னொருக்கா இப்பிடி விழுந்தா இது எழும்பாது" என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். அதன் பிறகு லொறிச் சத்தம் கேட்டாலே பிஸ்கட்டின் தோல் நடுங்கும்.

ஆகவே, தன்னிடமிருந்த பழைய ஜீப்பின் பின்னால் கொழுவி இழுக்கக்கூடிய குதிரைப் பெட்டி ஒன்று வாங்குவது என்று அக்கா முடிவெடுத்தார். நாலு சில்லும் இழுக்கிற ஜீப் அது, மலைக்குப் பயமில்லை. அந்த நாட்களில் இறக்குமதிக்குத் தடை, வெளிநாட்டிலிருந்து இறக்க முடியாது. நாட்டுக்குள் தேடியதில் விற்பனைக்கு மூன்று பெட்டிகள் இருந்தன.

"குதிரைக்கு ட்ரெய்லரா?" என்றார் ரிவர்ஸ் அண்ணை. அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. "தங்கச்சி, நானும் வாறேன்."

முதலாவது பெட்டி நீர்கொழும்பு வீதியில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்றது. வெள்ளை. இரண்டு குதிரை கொள்ளும். வாசலில் வெள்ளி நிறப் பிடிகள். உரிமையாளர் அன்று காலைதான் மினுக்கியிருந்தார். அக்கா அதைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். மூன்றாவது தரம் கையால் தடவிக்கொண்டு நடந்தார்.

"எனக்கு இது பிடிச்சிருக்கு."

ரிவர்ஸ் அண்ணை பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கைலேஞ்சியை நிலத்தில் விரித்து, தலையை அதன்மேல் வைத்து, எங்கள் ஜீப்பின் பின்பக்கத்துக்கு அடியில் படுத்திருந்தார். கொழுவும் இரும்பு எதில் பூட்டியிருக்கிறது என்று பார்த்தார். அதில் அடித்திருந்த தகட்டை என்னைக்கொண்டு வாசிப்பித்தார். பிறகு எழும்பி முதுகைத் தட்டிக்கொண்டார்.

"ஜீப் இத இழுக்கும் தங்கச்சி. நிப்பாட்டுமா?"

"இழுக்கிறது நிப்பாட்டாதோ?"

"இழுக்கிறது இஞ்சின். நிப்பாட்டுறது ஜீப்பின்ட பாரம். இந்தப் பெட்டியும் மேடமும் சேர்ந்தா ஜீப்பளவு பாரம் வரும். இறக்கத்தில ஒரு வளைவு வந்தா யார் யாரை இழுக்கிறாங்கன்னு தெரியாது."

பிஸ்கட்டை அவர் மேடம் என்றுதான் சொல்வார். லாயத்துக்கு ஒரு முறை அழைத்துப் போயிருந்தோம். பிஸ்கட் அவருடைய சட்டைப்பையில் இருந்த வெற்றிலைச் சுருளை எடுத்துத் தின்றது. அன்றிலிருந்து மேடம்.

வெள்ளைப் பெட்டிக்காரரிடம் அக்கா மன்னிப்புக் கேட்டார்.

இரண்டாவது பெட்டியை ஒரு வெல்டிங் பட்டறையில் செய்திருந்தார்கள். சிறியது, பாரம் குறைவு, புதிய இரும்பு. தமிழும் சிங்களமும் கலந்து பேசிய ஓர் இளைஞர் பட்டறையின் சொந்தக்காரர். அதில் தனியாக பிரேக் இல்லை.

"ஜீப்பில பிரேக் இருக்குதானே அங்கிள்" என்றார் அவர்.

ரிவர்ஸ் அண்ணை பெட்டியின் பின்பக்கம் வந்தார். சரிவுப் பலகையில் ஏறி உள்ளே போனார். குனிந்து, முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, நான்தான் குதிரை. முற்றத்தைச் சுத்தி ஒரு ரவுண்ட் ஓட்டுங்க. நான் கத்தினா பிரேக் அடிங்க."

"அண்ணை, உங்களுக்கு எழுபது வயசு."

"மேடத்துக்கும் வயசாகிட்டுது. ஓட்டுங்க."

அக்கா ஓட்டினார். பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த எல்லோரும் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்கள். இரண்டாவது சுற்றில் உள்ளேயிருந்து ஒரு கூச்சல் கேட்டது. அக்கா பிரேக் அடித்தார். ஜீப் நின்றது. பெட்டி நிற்க விரும்பாமல் ஜீப்பை ஒரு தள்ளுத் தள்ளியது. உள்ளே தகரத்தில் ஏதோ மோதும் சத்தம். பிறகு அவர் பின்பக்கமாக, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். நெற்றியில் ஒரு புடைப்பு.

"மேடத்துக்கு நாலு கால். எனக்கு ரெண்டு. அந்த வித்தியாசத்தைக் கழிச்சுப் பார்த்தாலும் இது சரிவராது."

"குதிரைகள் இப்பிடியெல்லாம் யோசிக்காது அங்கிள்" என்றார் பட்டறைக்காரர்.

"அதுதான் மல்லி, நான் யோசிக்கிறேன்." மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

மூன்றாவது பெட்டி ஜா-எலயில் ஒரு தென்னந்தோப்பில், பலா மரத்தின் கீழ் நின்றது. பார்த்ததும் அக்கா ஜீப்பை விட்டு இறங்கவில்லை. ஒருகாலத்தில் பச்சையாக இருந்திருக்கும். கூரையில் இலைச் சருகு. உள்ளே, குதிரைக்குப் புல் வைக்கும் வலைத்தட்டில், ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கணவர் இருந்த காலத்தில் பந்தயக் குதிரைகள் வைத்திருந்த ஓர் அம்மாள் அதை விற்றார். அவருக்கு விலையைவிடக் கோழியைப் பற்றித்தான் கவலை.

ரிவர்ஸ் அண்ணை சப்பாத்தைக் கழற்றி, நுனி வெளியே பார்க்க வைத்துவிட்டு, உள்ளே போனார். ரப்பர் விரிப்பைச் சுருட்டினார். தரைப் பலகைகளை ஒவ்வொன்றாக ஸ்க்ரூ ட்ரைவரால் குத்தினார். இரண்டு பலகையில் அது வெண்ணெயில் போவதுபோல் போனது. மற்றவை திடமாக இருந்தன. பெட்டிக்கென்று சொந்தமாக ஒரு பிரேக் இருந்தது. ஜீப் நிற்கும்போது பெட்டி முன்னால் தள்ளினால், அந்தத் தள்ளிலேயே அது இறுகும். துரு பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு ஆட்டியதும் அசைந்தது. டயர் நாலும் வெடித்திருந்தன, மாற்றலாம் என்றார். ஒரு குதிரைக்கு அளவான பெட்டி. ஜீப்புக்குப் பாரம் இல்லை.

இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லிக்கொண்டு, இடது பக்க முன் மூலையில் கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெயின்ற்றுக்கு அடியில் ஒரு பிணைச்சல். அதற்குக் கீழே இன்னொன்று.

"அம்மா, இது என்ன?"

"அதா? முன் கதவு. எங்க அவர் இருக்கிற காலத்தில குதிரை பின்னால ஏறி முன்னால இறங்கும். பிறகு யாரும் திறக்கல்ல. மேலால பெயின்ற் அடிச்சாச்சு."

ரிவர்ஸ் அண்ணை ஜீப்புக்கு வந்தார். அக்காவின் பக்கக் கண்ணாடியில் தட்டினார்.

"தங்கச்சி, அன்னைக்கு மேடம் விழுந்தது ஏறேக்கயா, இறங்கேக்கயா?"

"இறங்கேக்க. சொன்னனான் தானே."

"எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கினாங்க?"

அக்கா யோசித்தார். "பின்பக்கமா. லொறிக்குள்ள திரும்ப இடமில்லை."

"அப்ப இதுதான் பெட்டி."

அக்கா ஜீப்பை விட்டு இறங்கினார். அந்தப் பச்சையைப் பார்த்தார், சருகைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார். "எல்லாத்தையும் பின்பக்கமாச் செய்யிற ஆள் நீங்கள். இப்ப என்ன முன்கதவு தேடுறியள்?"

"பின்னால வாறது என்ட பழக்கம். அதை ஏன் மேடத்தின்ட தலையில கட்டணும்?"

அக்கா அதன் பிறகு வெள்ளைப் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை.

அம்மாள் ஒரு நிபந்தனை போட்டார்: குஞ்சு பொரிக்கும் வரை பெட்டியை எடுக்கக் கூடாது. இன்னும் எட்டு நாள் இருந்தது. வளவுக்காரரின் கெடுவுக்குப் பதினெட்டு நாள். அந்த எட்டு நாளும் ரிவர்ஸ் அண்ணை பஸ் பிடித்து ஜா-எலவுக்குப் போனார். கோழி பார்த்துக்கொண்டிருக்கத் தரைப் பலகையை மாற்றினார், பெயின்ற்றைச் சுரண்டினார், பிணைச்சல்களுக்கு எண்ணெய் விட்டார். எட்டாம் நாள் பதினொரு குஞ்சுகளும் முன்கதவு வழியாக இறங்கிப் போனதாக எனக்குக் கைப்பேசியில் சொன்னார். "ஒண்டும் தடக்கல்ல தம்பி" என்றார். பெரிய சோதனை ஒன்று வெற்றியாக முடிந்த குரல்.

பெட்டி வெள்ளவத்தைக்கு வந்த நாளை நான் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று நடந்த பிழையை எங்கள் ஆட்கள்தான் விடுவார்கள். புது வாகனம் வாங்கினால் முதலில் கோவில், பிறகு சொந்த வீட்டுக் கேற். கேற்றடியில் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம், வைத்து நசிக்க வேண்டும். அக்கா ஜீப்பையும் பெட்டியையும் நேரே பிள்ளையார் கோவிலுக்குக் கொண்டு போனார். யாருடைய பெயருக்கு அர்ச்சனை என்று ஐயர் கேட்டார்.

"பிஸ்கட்" என்றார் அக்கா.

ஐயர் தட்டைப் பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியாது."

"அப்ப சுவாமி பேருக்கே செய்வம்" என்று ஐயர் முடித்துவைத்தார்.

அங்கிருந்து ஒழுங்கை முகப்புக்கு வந்தபோது ரிவர்ஸ் அண்ணை காலி வீதியில் காத்துக்கொண்டு நின்றார். பின்பக்கமாகக் கொண்டுபோகச் சொன்னார். தானே ஓட்டித் தருவதாகவும் சொன்னார்.

"பின்பக்கமாத் தேசிக்காய் நசிக்கிறேல்லை அண்ணை" என்றார் அக்கா. "அது நல்லதுக்கில்லை. முன்னுக்குத்தான் போகோணும்."

"போன பிறகு?"

"போன பிறகு பாப்பம்."

அவர் ஒதுங்கி நின்று வழி விட்டார். பெட்டி முகத்தால் உள்ளே போனது. ஜீப்புக்கு நாலு, பெட்டிக்கு நாலு, கொழுவும் இடத்திலிருந்த சின்னச் சில்லுக்கு ஒன்று. ஒன்பது தேசிக்காய் நசிந்தது. தேங்காய் உடைத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பிறகு எல்லோரும் மதிலைப் பார்த்தார்கள். ஜீப்பும் பெட்டியும் சேர்ந்து ஒழுங்கையின் அகலத்தைப்போல் மூன்று மடங்கு நீளம். திருப்ப முடியாது. கழற்றித் தள்ளலாம் என்றார் ஒருவர். மதிலை உடைக்கலாம் என்றார் ரிவர்ஸ் அண்ணையின் மருமகன். அக்கா ஏறி ரிவர்ஸ் போட்டார். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பப் பெட்டி வலது பக்கம் போய், எங்கள் வீட்டுச் செவ்வரத்தைச் செடியை முறித்தது.

காலி வீதியில் நின்றவர் நடந்து வந்தார். அவசரமில்லை. எதையும் சொல்லிக் காட்டவும் இல்லை. அக்கா இறங்கி இடம் கொடுத்தார். அவர் ஏறி, இரண்டு கண்ணாடிகளையும் தன் உயரத்துக்குச் சரிசெய்தார். நூற்றுப்பத்து மீற்றரும், ஒரே ஓட்டத்தில், பெட்டி ஒரு நூல் பிசகாமல் பின்னால் போனது. பாதி வழியில், மூன்றாம் தளத்து வாடகைக்காரர் பல்கனியிலிருந்து கேட்டார்: "அங்கிள், குதிரை எப்ப வருது?"

"வராது மகன். போகுது" என்றார், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்க, விடியப் புறப்பட்டோம். பிஸ்கட் ஏறுவதற்குச் சிணுங்கவில்லை. முன்னால் ஒரு வெளிச்சம் தெரிந்ததால் இருக்கலாம். உள்ளே புல் தட்டுக்கு மேலே ரிவர்ஸ் அண்ணை ஒரு சின்ன அந்தோனியார் படம் ஒட்டியிருந்தார். பிள்ளையார் கோவில் விபூதி பூசிய இடத்துக்குப் பக்கத்தில். அவர்தான் ஓட்டினார். அக்கா பக்கத்தில், நான் பின்னால் திரும்பி உட்கார்ந்து, பெட்டியின் சின்ன ஜன்னலில் இரண்டு காதுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை. ஒவ்வொரு வளைவுக்கும் அக்கா கேட்டார்: "காது நிக்குதோ?" நான் சொன்னேன்: "நிக்குது." ஏழு மணி நேரம் நாங்கள் வேறு ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை.

தோட்டத்து ஒழுங்கை முகப்பில் அவர் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். முந்நூறு மீற்றர் இருக்கும். ஒரு பக்கம் புல்வெளியின் வேலி. மறுபக்கம் ஆழமான மழைநீர்க் கான். முடிவில் பங்களா. அங்கே திருப்ப இடமில்லை. ஒழுங்கையின் முழு நீளத்தையும் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். முகப்பில் நின்று ஒருமுறை கையை இடப்பக்கம் நீட்டிப் பார்த்தார், பிறகு திரும்பி நின்று மறுபடியும் நீட்டிப் பார்த்தார். அவர் என்ன கணக்குப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. முன்கதவு பெட்டியின் இடப்பக்கம். பின்பக்கமாகப் போனால் கதவு கானுக்கு மேல் திறக்கும். முகத்தால் போனால்தான் புல்வெளிக்குத் திறக்கும்.

அக்காவும் விளங்கிக்கொண்டார். "வேணுமெண்டா இஞ்சயே இறக்கி நடத்திக்கொண்டு போவம் அண்ணை."

"ரோட்டில லொறி போகுது. மேடம் பயப்படுவாங்க." ஏறி உட்கார்ந்தார். "இன்னைக்கு ஒரு நாளைக்கு முகத்தால போவோம்."

போனோம். அவர் உள்ளங்கையை இரண்டு தரம் காற்சட்டையில் துடைத்ததைக் கவனித்தேன். வேலித் திறப்புக்கு நேரே நிறுத்தினார். முன்கதவைத் திறந்து, சரிவுப் பலகையை இறக்கி, அதன்மேல் தானே ஏறிக் குதித்துப் பார்த்தார். அக்கா உள்ளே போய்க் கயிற்றை அவிழ்த்தார். பிஸ்கட் பின்னங்காலைத் தூக்கி, பின்னால் வைக்க இடம் தேடியது, பழைய நினைவு. அதன் தோல் நடுங்கியது. அக்காவின் கை கயிற்றில் இறுகியது.

ரிவர்ஸ் அண்ணை சட்டைப்பையிலிருந்து ஒரு வெற்றிலைச் சுருளை எடுத்தார். பலகையின் அடியில், புல்லில் நின்றுகொண்டு, நீட்டினார்.

"மேடம், இந்தப் பக்கம். பின்னால பார்க்கத் தேவையில்லை."

பிஸ்கட் தலையை நீட்டியது. எட்டவில்லை. ஒரு கால் வைத்தது. பலகை அசையவில்லை. அடுத்த காலையும் வைத்தது. பிறகு நாலு காலும் வரிசையாக, தபால்காரர் படி இறங்குவதுபோல் சாதாரணமாக இறங்கி, வெற்றிலையை வாங்கிக்கொண்டு, புல்லில் தலையைக் குனிந்தது. அக்கா பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் மலையைப் பார்த்தேன்.

தோழி பங்களா விறாந்தையில் தேநீர் ஊற்றி வைத்திருந்தார். கூப்பிட்டார். நல்ல குளிர், கோப்பைகளில் ஆவி பறந்தது.

"ஒரு நிமிசம்" என்றார் ரிவர்ஸ் அண்ணை.

கதவை மூடி, ஜீப்பில் ஏறி, பெட்டியைப் பின்பக்கமாக ஒழுங்கையால் வெளியே கொண்டு போனார். அவர் முகம் முழு நேரமும் எங்களைப் பார்த்து இருந்தது; கண்கள் மட்டும் கண்ணாடிகளில். வீதியில் திருப்பினார். பிறகு அதே முந்நூறு மீற்றரையும் பின்பக்கமாகவே உள்ளே வந்தார். இப்போது முதலில் பெட்டி தெரிந்தது, பிறகு ஜீப், பிறகு அவருடைய பிடரி. எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து நிமிடம். ஜீப்பின் முகம் வெளியே பார்த்து நின்றது. தேநீர் ஆறிப்போயிருந்தது.

அக்கா சூடாக்கப் போனார். அவர் தடுத்து, ஆறினதையே எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"இப்ப சரி. இனி எப்ப வேணும்னாலும் போகலாம்" என்றார்.

செருப்பைக் கழற்றி, நுனி ஜீப்பைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். கதிரையைப் புல்வெளிப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேலிக்கு மேலால் மேடத்தோடு கதைக்கத் தொடங்கினார். அன்று பின்னேரமே திரும்புவதாகத்தான் ஏற்பாடு. நாங்கள் கொழும்புக்குப் புறப்பட்டது நான்காம் நாள்.